சகலையின் மோட்டார் சைக்கிள்

எனக்கும் என் சகலைக்கும் மாமனார் ஒருவர்தான், மரியாதை மட்டும் வேறு வேறு. பந்தியில் முதல் இலை மூத்த மருமகனுக்கு. அதாவது எனக்கு. இளையவன் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் உத்திரமேரூர் மாமனார் வீட்டில் அந்த இலை அவன் முன்னால் போய் விழுந்தது. கிணற்றுக்குக் கிணறு ஆயில் எஞ்சின் பழுது பார்த்துச் சைக்கிளில் திரிகிற எனக்கு வயிறு எரிந்தது.

“டேங்க ரொப்பினா காஞ்சிவரம் ஆறு நடை போய்ட்டு வந்துரும்ணே” என்பான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் வண்டிச் சத்தம் கேட்டதும் சாப்பாட்டை விட்டு ஓடுவாள். என் சைக்கிள் மணிக்கு அவள் ஒரு நாளும் எழுந்ததில்லை.

ஆடியில் ஆறு நடை நாலாகக் குறைந்தது. பெட்ரோல் தீர்ந்து, ஐயங்கார்குளத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனானாம். அன்று எனக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

“நீங்க எஞ்சின் தெரிஞ்சவரு. இன்னாண்ணே ஆச்சு இதுக்கு?” என்று என்னிடமே வந்து கேட்டான்.

தள்ளிப் பார்த்தேன். பின்சக்கரம் இறுக்கமாக நகர்ந்தது, நடுவில் கை வைத்தால் சுட்டது. பிரேக் உரசுகிறது. ஒரு நட்டைத் தளர்த்தினால் போதும். நான் சொல்லவில்லை.

“ஆடிக் காத்து எதிர்ல அடிக்குது. டயர்ல காத்து கம்மி. மாமாவுக்கு அரிசி மூட்டை வேற ஏத்திக்கினு வர்ற. வண்டி இன்னா பண்ணும்?”

எல்லாம் உண்மையான காரணங்கள்தான். அதனால் வாய் கூசவில்லை.

காற்றடித்தான், மூட்டை ஏற்றுவதை நிறுத்தினான். அப்படியும் நாலு நடைதான். “வித்துட்டு சைக்கிள் வாங்கிக்குங்க மாப்ளே” என்று மாமனார் சிரித்தார். அடுத்த விருந்தில் முதல் இலை எனக்கு வந்தது. ருசித்துச் சாப்பிட்டேன்.

கை கழுவும்போது அவன் பக்கத்தில் வந்தான். “எல்லாம் பாத்துட்டேண்ணே. பிரேக்கு மட்டும் தொடல. அது நானே இறுக்கி வெச்சது. கொயந்தைய முன்னால வெச்சிக்கினு போறேன், மாடு கீடு குறுக்க வந்தா சட்டுனு நிக்கணுமே.”

“எந்தக் கொயந்த?”

“ஒங்க பொண்ணுதான். எனக்கு வேற யாரு கீறா?”

கல்யாணமாகி ஏழு வருடம், அவனுக்குப் பிள்ளை இல்லை.

ஸ்பேனர் கொண்டுவரச் சொன்னேன். சக்கரம் லேசாகச் சுற்றவும் வேண்டும், மிதித்தால் நிற்கவும் வேண்டும். நாலு தடவை தளர்த்தி, இறுக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

என் மகள் அதற்குள் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவைத்தான் கூப்பிட்டாள். அப்போதும் எனக்கு எரிந்தது.