கிண்ணத்தின் அடியில் தெல்லிஸ்

அந்தக் காலத்தில் லிக்கோன் வரைந்த தேவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள்தான். ஏதென்ஸ் குயவர் பேட்டையில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவனுடைய ஸீயஸ், ஆற்றங்கரையில் தோல் பதனிடுகிற பெரியவர். ஹெராக்ளிஸ், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பூமாலை விற்கிறவளை ஒருமுறை அதீனாவாக்கிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் யாரிடமும் பேரம் பேசவில்லை. சொன்ன விலைக்கு வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றுவிட்டாள்.

நான் அந்தப் பட்டறையின் சூளைக்காரன். பெயர் கேத்தாஸ். திரேஸ் நாட்டிலிருந்து அடிமையாக வந்து, இந்த ஊர்ப் புகையிலேயே முடி நரைத்தவன். சூளையைப் பிரிக்கிற அன்று வாசலில் கூட்டம் கூடிவிடும். இந்தத் தடவை யாரை எந்தத் தேவனாக்கியிருக்கிறான் என்று பார்க்கத்தான். லிக்கோன் ஒன்றும் தெரியாதவன் போல மூலையில் உட்கார்ந்து ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்தப் பெருமை பிடிக்கும். அதைவிட, அடுத்தவனைக் கொஞ்சம் குத்திப் பார்ப்பது பிடிக்கும்.

அவன் வரைகிற கிண்ணங்களைச் சக்கரத்தில் வனைந்தவன் தெல்லிஸ். சேர்ந்து பன்னிரண்டு வருடம் வேலை செய்தார்கள். தெல்லிஸின் மூக்கு எப்போதோ உடைந்து கோணலாக ஒட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் ஆயிரம் பேரில் அடையாளம் சொல்லலாம். போயோத்தியா எல்லையில் நம் படை பின்வாங்கிய வருடம், அவன் கேடயம் இல்லாமல் வீடு திரும்பினான். அன்றைக்கு அப்படித் திரும்பியவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவன் என்று ஒருவனை வாயால் சொன்னால், எங்கள் ஊரில் அவன் வழக்கே தொடுக்கலாம். அதனால் யாரும் சொல்லவில்லை. தெல்லிஸும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாம் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. லிக்கோன் வரைந்த, பழைய போர்க்கதை வீரன் ஹெக்டரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெல்லிஸ் பார்லி அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:

“என்னடா லிக்கோன், ஹெக்டர் ஈட்டியப் புடிச்சிருக்கானா, இல்ல கடல் மீனப் புடிச்சிருக்கானா? கைய ஒழுங்கா வரையத் தெரியலன்னா முதுகுப் பக்கம் மறைச்சுடு. நீ எப்பவும் பண்றதுதான.”

எல்லோரும் சிரித்தார்கள். கை வரைவதில் லிக்கோனுக்கு உண்மையிலேயே தடுமாற்றம் உண்டு. அதனால்தான் அவனுக்கு அப்படிச் சுட்டது. அன்றைக்கு அவன் மிச்ச அப்பத்தைத் தொடவில்லை.

சாயங்காலத்துக்குள் ஒரு கிண்ணம் வரைந்து முடித்தான். உள்ளே, அடிவட்டத்தில், ஓர் ஆண் உட்கார்ந்து காலுக்குக் கவசம் கட்டுகிறான். ஒரு பெண் தலைக்கவசத்தை நீட்டுகிறாள். கேடயம் சுவரில் சாய்ந்திருக்கிறது. பேர் இல்லாமல் பார்த்தால், போருக்குப் புறப்படுகிற எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியும்தான். அது ஹெக்டராகவும் இருக்கலாம், அவன் தம்பி பாரிஸாகவும் இருக்கலாம். ஒருவன் கோட்டை வாசலில் நின்று செத்தவன். மற்றவன் சண்டை நடக்கும்போது படுக்கையறைக்கு நழுவியவன். யார் என்று சொல்வது பக்கத்தில் எழுதுகிற பேர் மட்டும்தான். சாயத்தில் எழுதினால் தேய்ந்துவிடும் என்று லிக்கோன் ஊசியால் கீறினான்: பாரிஸ். முகத்துக்கு ஒரு கோணல் மூக்கு வைத்தான்.

நான்தான் அதைச் சூளையில் அடுக்கினேன். பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. வாயால் சொன்னால்தானே வழக்கு, படத்தில் சொன்னால் யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். மறுநாள் விடியலில் சூளை வாயை அடைத்துச் சேறு பூசினேன். வாசலுக்கு மேலே, சூளைப் பேய்களை விரட்டுகிற கோர முகத்தையும் மாட்டியாயிற்று. நெருப்பு மட்டும்தான் பாக்கி. அப்போது லிக்கோன் ஓடி வந்தான். ராத்திரி தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

“கேத்தா, அந்தக் கிண்ணத்த வெளிய எடு. அந்தப் பேரச் சுரண்டிடறேன்.”

“சேறு பூசியாச்சு.”

“பூசினா என்ன? இன்னும் பத்த வைக்கல இல்ல.”

“சேறு காஞ்சு இறுகிப் போச்சுப்பா. இப்ப இடிச்சு உடைச்சா அந்த அதிர்வுல நாப்பது பாத்திரமும் வெடிக்கும். மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது, நீயா? போ. ஒரு வெளையாட்டுக்கு எவனும் செத்துட மாட்டான்.”

அவன் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனான். நான் விறகைப் பற்ற வைத்தேன்.

கைவினைக்காரர் திருவிழாவன்று முதலாளி எங்களுக்கெல்லாம் விருந்து வைத்தார். புதுக் கிண்ணங்களில் திராட்சை மது சுற்றி வந்தது. யார் வேலையோ, அந்தக் கிண்ணம் தெல்லிஸ் கைக்குத்தான் போனது. அவன் குடிக்கக் குடிக்க மது வடிந்து, அடியிலிருந்து அவன் மூக்கே அவனைப் பார்த்து எழுந்து வந்தது. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, “பாரிஸ்” என்று சத்தமாக வாசித்தான். விருந்தே சிரித்தது.

தெல்லிஸும் சிரித்தான். “மூக்கு நல்லா வந்திருக்குடா” என்று லிக்கோனிடம் சொன்னான். “கையும்தான். இந்தத் தடவ மறைக்கல.” அதற்குப் பிறகு கிண்ணத்தைக் காணவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் உடைத்திருப்பான் என்று நினைத்தோம். லிக்கோன் மன்னிப்புக் கேட்கப் பத்து நாள் சுற்றினான். மற்ற எதையும் பேசுவான், இதை மட்டும் நாளைக்குச் சொல்கிறேன் என்பான்.

அடுத்த படைத் திரட்டலில் தெல்லிஸின் பேர் வந்தது. அவனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. மருத்துவரிடம் காட்டியிருந்தால் விட்டிருப்பார்கள். காட்டவில்லை. புதுக் கேடயம் ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். வரிசை உடைந்து மற்றவர்கள் பின்வாங்கிய இடத்தில் அவன் பின்வாங்கவில்லை என்று, கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். போர்க்களத்திலேயே எரித்து எடுத்த எலும்புகள், அவன் குலத்தாருக்கான பொதுப் பெட்டியில் வந்து சேர்ந்தன.

ஒன்பதாம் நாள் சடங்கு முடிந்து அவன் மனைவி மெலிட்டா பட்டறைக்கு வந்தாள். துக்கத்துக்காகத் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அந்தக் கிண்ணம். ஒரு கீறல் இல்லை.

“லிக்கோன் அண்ணே, அவரு சமாதியில வைக்க ஒரு எண்ணெய்க் குடுவை வேணும். இதுல இருக்கற மாதிரியே மூஞ்சி வரணும். அவரு மொகம் எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

லிக்கோன் கிண்ணத்தைத் தொடவில்லை.

“தெனம் இதுலதான் குடிப்பாரு,” என்றாள். “எங்க லிக்கோன் என்னைய ஹெக்டரா வரைஞ்சிருக்கான் பாரு, பக்கத்துல நிக்கிறது நீதான்னு சொல்லுவாரு. ஒங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னு தெருவுல சொன்னாங்க. நான் இதக் காட்டி எல்லாரு வாயையும் அடைச்சேன். எனக்கு எழுத்துத் தெரியாது அண்ணே. அவரு வாசிச்சுக் காட்டுவாரு. ஒங்க வாயால ஒரு தடவ வாசிங்க.”

லிக்கோன் என்னைப் பார்த்தான். நான் விறகு அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் கீறிய எழுத்தின்மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

“ஹெக்டர்,” என்றான் லிக்கோன்.

அவள் தலையை ஆட்டினாள். “அப்படித்தான் சொல்லுவாரு,” என்று கிண்ணத்தைத் திரும்பத் துணியில் சுற்றினாள்.

குடுவையை லிக்கோன் நான்கு நாள் வரைந்தான். வெள்ளைப் பூச்சின்மேல் தெல்லிஸ் நிற்கிறான். கேடயம் தோளில் இருக்கிறது, கைகள் இரண்டும் முழுதாகத் தெரிகின்றன. லிக்கோன் அதைவிட நன்றாக எதையும் வரைந்ததில்லை. வாங்க வந்த மெலிட்டா, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

“தெல்லிஸ்.”

“ஹெக்டர்னு போடலையா அண்ணே?”

“இல்லம்மா. இதுல அவன் பேரையே போட்டிருக்கேன்.”

அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு லிக்கோன் இருபது வருடம் இருந்தான். ஆயிரக்கணக்கில் தேவர்களை வரைந்தான். ஒருவருக்கும் எங்கள் தெரு முகம் கிடையாது, எல்லோரும் ஒரே அச்சு. சூளை பிரிக்கிற அன்று கூட்டம் வருவதும் நின்றுபோனது. சாகிற வருடத்தில்கூட, ஒரு காரணமும் இல்லாமல் வேலைக்கு நடுவில் கேட்பான்: “கேத்தா, அன்னிக்குச் சேறு நெசமாவே காஞ்சிருந்துச்சா?”

“கல்லு மாதிரிப்பா,” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அதைக் கேட்டால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சேறு காயவில்லை. பூசிக் கை கழுவிய ஈரம்கூட என் விரலை விட்டுப் போகவில்லை. ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் வாசல் திறந்திருக்கும், ஒரு பாத்திரமும் வெடித்திருக்காது. மறுபடியும் பூச எனக்குச் சோம்பலாக இருந்தது. அவன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. இதை அவனிடம் நான் சொல்லவே இல்லை.