பெரிய மலையின் சிவப்பு மான்கள்

போன வாரம் விழுப்புரம் பைபாஸில் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். தார்ப்பாய்க்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. நனைந்த கல்தூளின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு அது மூக்கில் ஏறியதும் குப்பம்மாளின் குரல் கேட்டுவிடும்.

அப்போது நான் சர்வேயர் வேலையில் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. கெடார்ப் பக்கம் ஒரு குன்று. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய மலை. அதைக் கல் குவாரிக்குக் குத்தகை கேட்டிருந்தார்கள். நான் அளந்து, படம் போட்டு, 'சிறப்புக் குறிப்பு' என்ற கட்டத்தில் மலைமேல் என்ன இருக்கிறதென்று எழுத வேண்டும். கிளம்பும்போதே மேலதிகாரி சொல்லிவிட்டார்: "பாறைன்னு ஒரு வரி எழுதிட்டு ஜல்தியா வந்து சேருய்யா."

குப்பம்மாள் மலையடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தவர். குவாரி வேண்டாமென்று வீடுவீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மனுவோடு அலைந்துகொண்டிருந்தார். வேட்டு வைத்தால் மேலேயுள்ள சுனை உடையும், கிணறு வற்றும் என்று அவருக்குப் பயம். நான் அடிவாரத்திலேயே பேனாவைத் திறந்ததைப் பார்த்துவிட்டு வரப்பிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னா சார், கீழ நின்னுக்கினே எழுதுறீங்க? மேல ஏறிப் பாத்தீங்களா?"

"பாறைதானேம்மா?"

"பாத்துட்டு அப்பறம் பாறைன்னு எழுதுங்க. நான் கேக்கவே மாட்டேன்."

ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. புது ஷூ வழுக்கி, பாதித் தூரம் தவழ்ந்தேன். அவர் வெறுங்காலோடு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். உச்சிக்குச் சற்றுக் கீழே, குடைபோல் கவிந்த பாறைக்கடியில் நின்று, "தலைய தூக்குங்க சார்" என்றார்.

தூக்கினேன். பாறை முழுக்கச் செங்காவி நிறத்தில் மான்கள். நடுவே கோடுகோடாக மனிதர்கள், கைகோத்தபடி. ஓரமாக ஓர் உள்ளங்கைப் பதிவு, என் கையைவிடச் சிறியது. எழுத்தே இல்லாத காலத்தில் யாரோ நிறம் குழைத்துக்கொண்டு வந்து நின்ற இடத்தில், நான் பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன். ஷூவைக் கழற்றினேன், ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை தெரியாது.

"இத மூணு மனுவுல எழுதிட்டோம்," என்றார் குப்பம்மாள். "ஏறிப் பாக்க ஒருத்தரும் வரல சார்."

கட்டம் போதவில்லை. தனித்தாள் இணைத்து, எத்தனை மான், எந்தத் திசை என்றெல்லாம் எழுதினேன். "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!" என்று கத்திய மேலதிகாரி, கையெழுத்துப் போடாமல் நாலு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் என்ன நினைத்தாரோ, ஜீப்பை எடுக்கச் சொன்னார். தானே மலையேறிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஆபீஸ் வந்ததும் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளும் குப்பம்மாளின் மனுவும் சேர்ந்து போன பிறகுதான் தொல்லியல்காரர்கள் வந்தார்கள். குத்தகை நின்றது. மான்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

எதிரே ஒரு சின்ன மலை இருந்தது. அதற்கு முந்தின மாதம் அதை அளந்தவனும் நான்தான். ஏறவில்லை, 'பாறை மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் தேங்கிய ஆழமான பள்ளம். அந்த மலைமேல் என்ன இருந்தது என்று பல வருடம் கழித்துக் குப்பம்மாளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன்.

"அத வுடுங்க சார்," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.