சுற்றுலாவே போகாத சனம்

சுதாஜினிக்குக் கேள்வி கேட்பதென்றால் சாப்பாடு தண்ணி வேண்டாம். பதின்மூன்று வருடம் மொன்றியல் நகரின் நடுவே ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்றவள். வந்தவர்களுக்கு அறைச் சாவியைக் கொடுத்தோமா, விட்டோமா என்று இருக்கமாட்டாள். ஏன் வந்தீர்கள், இந்த ஊரைப் பற்றி யார் சொன்னது, இன்னொரு முறை வருவீர்களா என்று குடைந்துகொண்டே இருப்பாள். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பிடித்தது. வேலையோடு வேலையாக முதுகலையை முடித்து, நாற்பத்தோராவது வயதில் சுற்றுலா மேலாண்மையில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டாள். "இந்த வயதில படிச்சு?" என்று இழுத்த சொந்தக்காரர்களிடமும் அவள் திருப்பி ஏதோ கேட்டுத்தான் வைத்தாள்.

மொன்றியலில் வாழும் இலங்கைத் தமிழர் சுற்றுலாப் பயணிகளாக இலங்கைக்குப் போய்வருவதுதான் ஆய்வுப் பொருள். நல்ல தலைப்புத்தான். ஆனால் நிரப்பி வந்த படிவங்கள் அதன் கழுத்தில் கத்தி வைத்தன. "கடந்த பத்து ஆண்டுகளில் இலங்கைக்குச் சுற்றுலா சென்றீர்களா?" என்ற முதல் கேள்விக்கே தொண்ணூற்றாறு பேரில் தொண்ணூற்றொரு பேர் 'இல்லை' என்று கோடு போட்டிருந்தார்கள். 'ஆம்' என்ற ஐந்து பேரில் மூன்று பேர் கேள்வியை ஒழுங்காக வாசிக்காமல் கியூபாக் கடற்கரையைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை நல்ல மனுஷி, ஆனால் எண்களில் கறார். "போகாத மக்களின் பயணத்தைப் பற்றி எப்படி எழுதுவீர்கள், மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டார். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் இந்தத் தலைப்பைக் கைவிட்டு, உல்லாசக் கப்பல்களில் வந்து துறைமுகத்தில் இறங்குபவர்களைப் பற்றி எழுதவேண்டும். இரண்டு வருட உழைப்பு வீண். சுதாஜினிக்குப் பயம்தான். ஆனாலும் பயத்தை விடக் குறுகுறுப்புத்தான் அதிகம். இந்தச் சனம் உண்மையிலேயே போவதில்லையா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நிரப்பக் கொடுத்துவைத்திருந்த மிச்சப் படிவங்களை எடுக்க, தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் சவிரிமுத்துவின் பலசரக்குக் கடைக்குப் போனாள். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு பெரிய நீலப் பயணப் பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. பின்னால் இன்னும் மூன்று பெட்டிகள் வரிசையில் நின்றன. நீலப் பெட்டிக்குச் சொந்தக்காரி புஷ்பராணி. போன மாதம் இதே கடையில், சுதாஜினியின் கண் முன்னாலேயே 'இல்லை' என்று கோடு போட்டவள்.

"இருபத்தஞ்சு கிலோ. பிளேனில இருபத்திமூண்டுதான் விடுவாங்கள். சொக்லேட்டைக் குறையுங்கோ," என்றார் சவிரிமுத்து.

"சொக்லேட்டிலை கை வைக்கேலாது. சவர்க்காரத்தை எடுக்கிறன்."

"எங்க அக்கா பயணம்?" என்று கேட்டாள் சுதாஜினி.

"ஊருக்குத்தான். நாளையிண்டைக்கு."

"முதல் தரமா போறீங்க?"

"முதல் தரமோ? இது ஆறாவது தரமெல்லே!"

சுதாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப ஏன் போகல்ல எண்டு கோடு போட்டீங்க?"

"நீர் சுற்றுலா போனீங்களோ எண்டெல்லே கேட்டனீர்? எங்கட வீட்டுக்கு நாங்கள் போறது சுற்றுலாவே? நல்ல கதை!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் புஷ்பராணியின் பக்கம். சுதாஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே வெட்கமும். வாய்ப்பேச்சில் தான் ஒருநாளும் சொல்லாத சொல்லைக் காகிதத்தில் போட்டுவிட்டு, சனம் பொய் சொல்கிறது என்று கோபப்பட்டால் எப்படி? ஒரு படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்: "ஊருக்குப் போனீங்களா? அங்க என்னென்ன செய்தீங்க?" பல்கலைக்கழகத்திடம் முறைப்படி அனுமதி பிறகு வாங்கலாம், இப்போதைக்குத் தெரிந்தால் போதும்.

வியாழன் மாலை வரை தராசடியை விட்டு அவள் நகரவில்லை. அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தெட்டு பேர் போய்வந்திருந்தார்கள். சிகிரியாக் குன்றில் ஏறியிருந்தார்கள், யானை பார்த்திருந்தார்கள், நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலில் தங்கியிருந்தார்கள். "அது பிள்ளையளுக்காக," என்றார்கள். சுற்றுலாப் பயணி என்று ஒரு குருவியும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. குழுவில் ஒருவர் கேட்டார்: "சரி, அங்கே இருப்பவர்கள் இவர்களை யாரென்று நினைக்கிறார்கள்?" அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாகக்கூட இருந்தது. தலைப்பு உயிர்தப்பியது. ஆனால் ஆகஸ்டில் அவளுடைய ஊரான மட்டக்களப்புக்குப் போய், அந்தக் கேள்வியை அங்கேயே கேட்டு வரவேண்டும் என்றார்கள்.

சனிக்கிழமை காலையே மட்டக்களப்பிலிருக்கும் தங்கை அக்னெஸுக்கு அழைத்தாள். அங்கே பின்னேரம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அக்கா வருகிறாள் என்றதும் அக்னெஸ் கத்திய கத்தலில் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று.

"எத்தினை நாளைக்கு நிப்பீங்க?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா?" அக்னெஸ் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கடற்கரைப் பக்கம் நல்ல ஹோட்டலாப் பாக்கச் சொல்லட்டா? புதுசா நிறைய வந்திருக்கு. எங்கட வீட்டில வெக்கை, நுளம்புக் கடி வேற."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் சுதாஜினியைச் சுட்டது.

"ஏன் புள்ள, வீட்டில எனக்கு இடமில்லையா?"

"இடமிருக்கு அக்கா. நீங்கதான் இருக்க மாட்டீங்க."

சுதாஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை சொன்னது பிழை என்று அடித்துச் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் தன்னால் இருக்க முடியுமா என்று அவளுக்கே தெரியாது.

"ஹோட்டல் பாக்காத," என்றாள். "பாய் ஒண்டு எடுத்துவை. இருந்து பாப்பம்."