காங்கேயம் காளைக்குப் பின்னால் நின்ற நடிகர்

காரைக்குடியில் சிறுவர் துணிக்கடை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறைக்கு முன் சரக்கெடுக்கத் திருப்பூர் போவது வழக்கம். இந்த முறை சொந்தமாக ஒரு டிசைன் போடும் ஆசை: குழந்தைகள் டி-ஷர்ட்டில் காங்கேயம் காளை. அங்கே ராயபுரத்தில் பிரிண்டிங் யூனிட் வைத்திருப்பவர், இணையத்துப் படம் வேண்டாம், பிரச்சினை வரும், நீங்களே எடுத்து மாலைக்குள் கொடுங்கள் என்றார். அதனால்தான் காங்கேயம் கிளம்பினேன்.

திருப்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்தில் ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். அங்கிருந்து சென்னிமலை சாலையில் ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. காத்திருந்து திரும்ப நானூறு கேட்டார்கள், கொடுத்தேன். மல்லிகா என்பவரின் தோட்டம். காளை வளர்க்கிறார். முன்பே போனில் அனுமதி வாங்கியிருந்தேன்.

கட்டுத்தறியில் ஒரு மயிலைக் காளை நின்றது. சாம்பல் நிறம், மலை போலத் திமில். ஓயாமல் படம் எடுத்தேன். அப்போது காளைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளியே வந்தார். தொப்பியும் தாடியும் இருந்தாலும் ஆளைத் தெரிந்துவிட்டது. பெயர் வேண்டாம். செல்ஃபி எடுக்க வந்த கல்லூரிப் பையனின் போனைப் பிடுங்கித் தரையில் அடித்த நடிகர் என்றால் உங்களுக்கே தெரியும். அந்த வீடியோவைப் பார்க்காதவர் கிடையாது. அதற்குப் பிறகு அவருக்குப் படமே வரவில்லை என்பார்கள்.

நேராக வந்து கையை நீட்டினார். “போனைக் குடுங்க.”

கொடுத்துவிட்டேன். போன் போனால் படமும் போச்சு, டிசைனும் போச்சு. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கொம்பு, திமில், குளம்பு, மறுபடி திமில். ஒன்றில் மட்டும் அவருடைய முழங்கை.

தவிட்டு வாளியோடு வந்த மல்லிகா நின்று பார்த்தார். “ஏனுங்க தம்பி, அவங்க மாட்டைத்தானுங்க எடுக்கறாங்க!”

அவர் முகம் சிவந்துவிட்டது. போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். காளை பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது.

பிறகு அவரே எதற்குப் படம் என்று விசாரித்தார். சொன்னதும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் காளையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். அதை வாங்கப்போவதால் ஒரு வாரமாகப் பழக்குகிறாராம், தினமும் கோவையிலிருந்து வந்து போகிறாராம். எனக்கு வேண்டிய படம் கிடைத்தது.

“பயந்துட்டீங்களா?” என்றார்.

“ஆமாங்க.”

கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்தப் பையனுக்குத் தாராபுரம் பக்கந்தான். புதுப் போன் வாங்கி அனுப்பினேன், திருப்பி அனுப்பிட்டான். நேர்ல போகணும். தைரியம் வரல.”

சற்று முன் பயந்த நான் இவருக்குப் புத்தி சொல்வதா? ஆனாலும் வாய் நிற்கவில்லை. “போயிட்டு வாங்க. போனை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.”

அவர் சிரிக்கவில்லை. தலையாட்டினார்.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் படத்தைக் கெடுத்துவிடும். முன்கூட்டிச் சொல்லாமல் யார் தோட்டத்துக்குள்ளும் நுழையாதீர்கள். பின்புறமாகக் காளையை நெருங்க வேண்டாம். ராயபுரத்துக்காரர் படத்தைப் பார்த்து ஒரே வார்த்தையில் “அருமைங்க” என்றார். டி-ஷர்ட்டுகள் இப்போது கடையில் இருக்கின்றன.

திரும்பும் வழியில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய கார் எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் போனது. காங்கேயம் ரவுண்டானாவில் வலது பக்கம் திரும்பினால் கோவை, நேரே போனால் தாராபுரம். கார் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வலது இண்டிகேட்டர் வெகுநேரம் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது. கார் நேரே போனது.