டிரெய்லர் பட்டறைக்கு வந்த அலுமினியப் படகு

வெல்டிங் பட்டறை வைத்திருப்பவனுக்கு 'தெரியாது' என்று சொல்லும் உரிமை மட்டும் கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகிற சாலையில் என் பட்டறை. கரும்பு ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லர்களைச் செய்வதும், ஒடிந்து வருகிறவற்றைத் தேற்றி அனுப்புவதும்தான் எங்கள் வேலை. ஆனால் வாசலில் நெருப்புப்பொறி பறப்பதைப் பார்த்துவிட்டால் ஊரில் உடைந்தது எல்லாம் நம்மிடம் வந்துவிடும். கோயில் கேட் வரும், மாவு மெஷின் வரும், ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிகூட வந்திருக்கிறது. "பாத்து செய்ங்க" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பட்டறையோ தையல் கடையோ சைக்கிள் கடையோ வைத்துச் சீரழிந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. அப்படித்தான் ஒரு வருஷம் எங்களிடம் படகு வந்து சேர்ந்தது. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் பட்டறையில் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள்.

கொப்பரைக்கு மூக்கு

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில், கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று வாசலில் நின்றது. கிழங்கின் மேல் கவிழ்த்துக் கட்டியிருந்த அலுமினியப் படகை இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு முனை கூர், மறுமுனை வெட்டிவிட்டதுபோல் தட்டை. முதுகெல்லாம் நசுங்கல், மூன்று இடத்தில் கிழிசல். மலையில் யாரோ அதைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தார்களாம். அதற்கு முன்னால் அது எங்கே மிதந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை.

லாரியிலிருந்து ஏழுமலையும் அவர் மனைவி பச்சையம்மாளும் இறங்கினார்கள். ஏழுமலைக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டுக்கு வருகிற மனிதர். கோமுகி அணையில் மீன் பிடிக்கிற குழுவில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார்கள். சொந்தப் படகோடு வரவேண்டும், அணை நிரம்பி வலை இறக்குவதற்குள் வரவேண்டும் என்பது பேச்சு. படகு தயாரானால் ஏழுமலை ஊரோடு இருந்துவிடலாம். இல்லாவிட்டால் மறுபடி பெங்களூர்தான். அங்கிருந்து மேஸ்திரி வேறு தினமும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலை இதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பச்சையம்மாள் படகை ஒரு சுற்றுச் சுற்றி, அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்கு டிரெய்லர் அச்சுக்காக நைனார்பாளையத்தில் வெல்லம் காய்ச்சுகிற ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். படகை வெகுநேரம் பார்த்தவர், கரும்புப்பால் காய்ச்சுகிற கொப்பரைக்கு எதற்கு மூக்கு என்று கேட்டார். இது படகு என்றேன். அவர் நம்பவில்லை. அச்சை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெளிய சொல்ல வேணாம்னா வுட்டுடுங்க, நான் யாராண்டயும் சொல்லல. எனக்கும் இதே மாரி ஒண்ணு செய்ங்க, அகலம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சி குடுங்க."

தினம் ஒரு யோசனை

படகில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஏழுமலையிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. முதல் நாள், பக்கச்சுவர் உயரம் பத்தாது என்றார். சுற்றிலும் ஒரு முழம் தகடு வைத்து உயர்த்தினோம். மறுநாள், பஸ்ஸில் இருப்பதுபோல் பிடித்துக்கொள்ளக் குழாய் வேண்டும் என்றார். இரும்புக் குழாயை வளைத்து இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கினோம். அதற்கடுத்த நாள், உட்காரும் பலகை ஓரத்தில் இருக்கவேண்டாம், நட்டநடுவில் இருக்கட்டும், முதுகு சாயவும் ஏதாவது இருக்கட்டும் என்றார். இத்தனை இருந்தால் வலையை எங்கே வைப்பது என்று கேட்டேன். "அதுவும் கரெக்ட்டுதான்" என்று யோசித்தபடியே போய்விட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. படகு விஷயத்தில் நாம் என்னத்தைக் கண்டோம், மீன் பிடிக்கப் போகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செய்துகொண்டே போனோம். பச்சையம்மாள் தினமும் கூடவே வந்தார். குழாயைப் பார்ப்பார், புருஷன் முகத்தைப் பார்ப்பார், பேசாமல் போய்விடுவார். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கும் வெல்டர் காதர் பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஓனரே, இவுரு படகு கேக்கறாரா, தொட்டிலு கேக்கறாரா? ஒண்ண சொல்லச் சொல்லுங்க, நான் பாட்டுக்கு செஞ்சிக்கினு போறேன்."

சிவக்காத தகடு

கிழிசலை ஒட்டவைக்கிற வேலை காதர் பாயுடையது. வாழ்நாள் முழுக்க இரும்பைப் பற்றவைத்த கை. அலுமினியத்துக்கென்று தனிக் கம்பி, தனிப் பொடி எல்லாம் சேலத்திலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன். கேஸ் நெருப்பைக் காட்டிக்கொண்டு, தகடு சிவக்கட்டும் என்று காத்திருந்தார். இரும்பு சிவக்கும், அப்புறம் உருகும். இது சிவக்கவேயில்லை. பளபளவென்று அப்படியே இருந்தது, அடுத்த நொடி பொத்தென்று தரையில் விழுந்தது. விரல் நுழைகிற கிழிசல் இப்போது தோசை நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது.

இன்னொரு இடத்தில் முயன்றோம். அங்கேயும் ஒரு தோசை. ஓட்டையை அடைக்க வந்த படகில் ஓட்டை வளர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் செய்வதுபோல், மேலே புதுத் தகடு வைத்து, நடுவில் பசையைத் தடவி, நெருக்க நெருக்க ரிவெட் ஆணி அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பாய் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்தார். பிறகு சொன்னார்: "இரும்புக்கு கோவம் வந்தா மூஞ்சி செவக்கும், நாம ஒதுங்கிக்கலாம். இது சிரிச்சிக்கினே உழுந்துடுதுங்க."

வீதிக்குத் தண்ணீர் வந்தது

ரிவெட் அடித்து முடித்ததும், ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார். படகை அமுக்குகிற அளவுக்கு எங்களிடம் தொட்டி இல்லை. யோசித்துப் பார்த்து, படகைத் தண்ணீரில் விடுவதும் தண்ணீரைப் படகில் விடுவதும் ஒன்றுதானே என்று முடிவுக்கு வந்தோம். நான்கு ஸ்டாண்டு போட்டுப் படகை ஏற்றி, டேங்கர் தண்ணீர் வாங்கி ரொப்பினோம்.

ஒழுகியது. எங்கே ஒழுகுகிறது என்பதுதான் தெரியவில்லை. ஓட்டை ஓரிடத்தில் இருக்கிறது, தண்ணீர் தகட்டோடு ஓடிப்போய் வேறிடத்தில் சொட்டுகிறது. நான் ஒரு இடத்தைக் காட்ட, பாய் இன்னொன்றைக் காட்ட, ஏழுமலை ஸ்டாண்டு சாய்வதைக் காட்டினார். நிரம்பிய படகை அசைக்க முடியவில்லை, கவிழ்க்கவும் முடியவில்லை. ரொப்பியதை எப்படிக் காலி செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அதற்குள் பின்தெருவுக்குத் தகவல் போய், பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். சண்டையில்லாமல் மொண்டுகொண்டு போனார்கள். அடிவரைக்கும் வழித்தெடுத்த கடைசிப் பெண்மணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "நாளைக்கும் இதே டைமுக்குத்தான் வுடுவீங்களா?"

நம்பர் என்ன?

எங்கே ஒழுகியது என்று தெரியாததால் எல்லா ரிவெட்டின் மேலும் இன்னொரு முறை பசை பூசிவிட்டு, பெயின்ட் அடிக்க எங்கள் வழக்கமான பெயின்டரை வரச்சொன்னேன். பச்சை அடித்துவிடு என்று சொல்லிவிட்டு சின்னசேலம் வரை போய்வந்தேன். வந்து பார்த்தால் பச்சை அடித்திருந்தார், மறுக்கவில்லை. பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, இரண்டு மூலையிலும் ஒளிரும் வில்லை ஒட்டி, நடுவில் 'ஒலி எழுப்பவும்' என்று நிழல் கொடுத்து அழகாக எழுதியிருந்தார். கீழே நம்பருக்கு இடம் விட்டிருந்தது. படகுக்கு நம்பர் கிடையாது என்றேன். மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார்: "இடிச்சிட்டு பூட்டா அப்பறம் எப்பிடிங்க கண்டுபுடிப்பாங்க?"

கடைசி வேலை

அணை நிரம்பிவிட்டது, மறுநாள் காலையில் வலை இறக்குகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கே பெங்களூர் மேஸ்திரியும் பேசினார். கான்கிரீட் போடப்போகிறார்களாம், நாளை ராத்திரி பஸ்ஸுக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்றாராம். ஏழுமலை வந்து இதை என்னிடம் சொன்னார். கவலைப்படாதீர்கள், படகு ரெடி, சாயந்திரம் வந்து பாருங்கள் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பட்டறையில் எந்த டிரெய்லர் வெளியே போனாலும் கடைசியாக ஒரு வேலை உண்டு. மழைத்தண்ணீர் தேங்கித் தகடு அரித்துவிடாமல் இருக்க, தரையின் நான்கு மூலையிலும் ஓட்டை போட்டுவிடுவோம். இத்தனை வருஷத்தில் இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை, கை தானாகச் செய்யும். காதர் பாயின் கையும் செய்துவிட்டது. புருஷனும் பெண்சாதியும் வந்தபோது அவர் நான்காவது ஓட்டையின் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று, வேலை சுத்தம் என்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு பாய் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. பச்சையம்மாள் குனிந்து ஒரு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் எங்களிடம் முதல்முதலாகப் பேசியது இதுதான்: "பெங்களூருக்குப் போறவர நிறுத்தறதுக்குத்தான் நான் படகு கேட்டேன். நீங்க இன்னாண்ணே, நேரா அடியிலயே அனுப்பறதுக்கு வழி பண்ணி வெச்சிருக்கீங்க."

கரையில்

நான்கு ஓட்டைக்கும் தகடு வைத்து ரிவெட் அடித்து, காலையில் எங்கள் டிரெய்லரிலேயே படகை ஏற்றிக்கொண்டு அணைக்குப் போனோம். குழுவின் ஆட்கள் வலையோடு நின்றிருந்தார்கள். பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். படகைத் தண்ணீர் ஓரம் இறக்கியாயிற்று. ஏழுமலை ஏறவில்லை. லுங்கியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி மடித்துக் கட்டினார்.

பச்சையம்மாள் காதர் பாயிடம் திரும்பி, அந்தக் குழாய்களையும் முதுகு சாய்கிற பலகையையும் கழற்றிவிடுங்கள் என்றார். நாங்கள் ஏழுமலையைப் பார்த்தோம். அவர் குழாயைப் பார்த்தார். பாய் ஸ்பேனரை எடுத்தார். குழுவில் இருந்த ஒருவர் என் பக்கத்தில் வந்து, அந்தப் பெண்ணின் அப்பா இதே அணையில் மீன் பிடித்தவர், துடுப்பு அந்தப் பெண்ணுக்கும் பழகிய சாமான் என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஏழுமலை டவுனில், கருணாபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லையாம். நாங்கள் இத்தனை நாள் படகைப் பற்றி விசாரித்ததெல்லாம் படகென்றாலே நடுங்குகிற மனிதரிடம். தெரிந்தவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஏனம்மா, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா, அத்தனை குழாயும் வேண்டாத வேலைதானே என்று ஆற்றாமையோடு கேட்டேன். "சொல்லியிருந்தா அவுரு அப்பவே பஸ் ஏறியிருப்பாரு. கைக்கு புடிமானம் இருக்குதுன்னுதானே இம்மா தூரம் வந்தாரு? கரைக்கு வந்தப்பறம் கழட்டிக்கலாம்னு வுட்டுட்டேன்" என்றார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகைத் தள்ளி, ஏறித் துடுப்பைக் கையில் எடுத்தார். பிறகு புருஷனைப் பார்த்து, வா என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். நட்டநடுவில் உட்கார்ந்து இரண்டு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டார். படகு நகர்ந்தது. எனக்கு ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பொறுக்க முடியாமல், ஏழுமலை, எப்படி இருக்கிறது, தண்ணீர் உள்ளே வருகிறதா என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. துடுப்பை நிறுத்தாமல் பச்சையம்மாள்தான் பதில் சொன்னார்: "படகு நல்லாத்தாண்ணே இருக்குது, மனுசந்தான் ஆடறாரு. பழகிக்குவாரு, இனிமே இங்கியேதான இருக்கப் போறாரு."

இப்போதெல்லாம் ஜோடியாக யார் வந்தாலும் பேசாமல் நிற்கிறவரைப் பார்த்துத்தான் முதலில் கேட்கிறேன், அதனால் பட்டறையில் வேறு மாதிரியான குழப்பங்கள் வர ஆரம்பித்திருக்கின்றன.