சீவர்டன் இறக்கிய பச்சைக் கொடி

வால்ட்டர் சீவர்டனுக்குக் கம்பெனியில் படகோட்டி என்று பெயர். செய்த வேலை என்னவோ கடலைக் கூட்டுவது.

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய எங்கள் வைட் தீவின் கௌஸ் கரையில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, கடற்படைக்காக ஒரு ஜெட் சண்டை விமானம் செய்து சோதித்துக்கொண்டிருந்தோம். அதற்கு ஓடுதளம் வேண்டாம், கப்பல் தளமும் வேண்டாம். தண்ணீரிலிருந்தே எழும்பும், தண்ணீரிலேயே இறங்கும். ஆனால் எழும்புகிற வேகத்தில் ஒரு மரக்கட்டை தட்டினால் அடிவயிறு கிழிந்துவிடும். அந்த அடித்தகட்டின் கனத்தைக் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன். கணக்கில் பிழை விடமாட்டேன். அதனால்தான் அதைக் கிழிக்க எவ்வளவு சின்னக் கட்டை போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு முறை விமானம் கிளம்பும் முன்பும் சீவர்டன் அந்த இரண்டு மைல் நீர்ப்பாதையில் படகை மேலும் கீழுமாக ஓட்டி, மிதக்கிற பலகை, பெட்டி, மீன்கூடை எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுத்து ஏற்றுவார். பிறகுதான், விமானம் கிளம்பலாம் என்று படகில் பச்சைக் கொடி ஏறும். அள்ளிய மரம் படகுக்காரர்களுக்கே சொந்தம் என்பது வழக்கம். நிலக்கரிக்கு ரேஷன் இருந்த காலம். யாரும் ஒரு குச்சியைக்கூட விட மாட்டார்கள்.

லண்டனிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, படகு நிரம்பி வழிந்தது. கடைசியாகச் சிக்கியது ஒரு கனத்த உத்திரம். கரைக்குப் போய் இறக்கிவிட்டு வரக் கால் மணி நேரமாகும். சீவர்டன் அதைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்து வந்தார். விமானம் எழும்பும்போது நீர் தெறிக்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ள நானும் படகில் இருந்தேன். பச்சைக் கொடி ஏறியது. விமானம் ஊளையிடத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். கயிறு தொய்ந்து கிடந்தது. உத்திரம் இல்லை.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பச்சையை இறக்கிச் சிவப்பை ஏற்றினார்.

கரையிலிருந்து மேலாளர் பில்பீம் ஒலிபெருக்கியில் கத்தினார். "என்னய்யா சீவர்டன், விளையாடுறியா? ரெண்டு மணிக்கு இவங்க திரும்பிப் போகப் படகு!"

"பாதையில மரம் கிடக்கு சார்!"

"இப்பதானே கூட்டி முடிச்சே?"

"நான் கட்டுனதுதான் அவுந்து போச்சு. தப்பு என்னோடது."

"ஒரு கட்டை விறகுக்கு ஆசைப்பட்டு மானத்தை வாங்கிட்டியே!"

விமானி ட்ரெலோர் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடி மூடியைத் தள்ளித் தலையை நீட்டினார். "நிதானமா தேடுங்க வால்ட். நான் எங்கேயும் ஓடிடல."

அரை மணி நேரம் தேடினோம். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"போதும், பச்சையை ஏத்து!" என்றார் பில்பீம்.

"ஏத்த மாட்டேன் சார். வேணும்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

அதிகாரிகள் கிளம்பியே போய்விட்டார்கள். நாங்கள் தேடுவதை விடவில்லை. கடைசியில் கொக்கிக்கார ஹெர்பர்ட்தான் கூவினான். "வால்ட்! இதோ படுத்திருக்கா உன் மாமியா!"

ஊறிப்போன உத்திரம், விரலளவுகூட வெளியே தெரியாமல், விமானத்தின் மூக்குக்கு நேரே நூறு கஜத்தில் கிடந்தது. சீவர்டன் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஹெர்பர்ட் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

ஆறு வாரத்தில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. அந்த விமானம் வேண்டாமாம். எங்களையெல்லாம் பயணிகள் விமானப் பிரிவுக்கு மாற்றினார்கள்; யாருக்கும் வேலை போகவில்லை. ஆனாலும் கேன்டீனில் பேச்சு கிளம்பியது.

"உன் சிவப்புக் கொடிதான்யா கவுத்துடுச்சு."

 விடைபெற வந்த ட்ரெலோரிடம்தான் சீவர்டன் கேட்டார். "என்னாலயா சார்?"

"அட, நான் அன்னைக்குப் பறந்து காட்டியிருந்தாலும் இதேதான். தரையில ஓடி எழும்புற விமானம் இதைவிட மணிக்கு நூறு மைல் வேகமாப் போகுதே! நான் செத்திருந்தா கடிதம் ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கும், அவ்வளவுதான்."

சீவர்டன் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததேயில்லை.

"இனிமே நீங்க எங்கே சார்?"

"அக்கரையில. நல்ல சிமென்ட் ஓடுதளம்."

"அதை யாரு கூட்டுறா?"

"தெரியலையே."

"முதல்ல அதை விசாரிங்க சார்."