கடலில் போட்ட பொரி

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. நாலு பையன்கள், கடைசியாக ஒரு பெண். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். படகில் கடலுக்குப் போய் வந்தவர்கள் எல்லாம், பார்த்ததை எழுதித் தருகிறார்களாம். நானும் தர வேண்டுமாம். கேட்டது என் பெண்.

அவளுக்கு பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தால் ராமேஸ்வரம் பக்கம் போய்விடுவாள். அங்கே ஆட்களைப் படகில் ஏற்றிப்போய் டால்பின் காட்டுகிறார்கள். கூட நின்று விளக்கம் சொல்வது இவள். சம்பளம் கிடையாது, சேவையாம். ஆமை முட்டையிடும் காலத்தில் கரையில் காவலும் இருப்பாள். பள்ளிபாளையத்துக்கு வர மட்டும் நாள் கிடைக்காது. அவள் அப்பாவின் திதி ஒன்றுக்குக்கூட வந்ததில்லை.

"நீ ஒருக்கா இங்க வந்து பாரும்மா, அப்பறம் பேசு" என்றாள். இந்த வருசத் திதிக்காவது வரச்சொல்லி வாக்கு வாங்கி வரலாம் என்றுதான் போனேன். கடல் பார்க்க அல்ல.

படகில் எனக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். வெகுதூரம் வெறும் தண்ணீர். பிறகு கருத்த முதுகுகள் நாலைந்து எழும்பி முங்கின, எருமைக்கன்றுகள் குட்டையில் புரளுகிற மாதிரி. பொய் சொல்லக் கூடாது, அழகுதான்.

எங்கள் வீட்டில் காவிரியில் குளித்து ஏறினால், போனவர்களை நினைத்து மீனுக்குப் பொரி போடுவோம். அவருக்காக ஒரு பை பொரி கொண்டுபோயிருந்தேன். கை நிறைய அள்ளி வீசினேன்.

என் பெண் ஓடிவந்து பையைப் பிடுங்கினாள். படகே திரும்பிப் பார்த்தது.

"மேடம், கடல்ல எதையும் போடக்கூடாது. ஏறும்போதே சொன்னோம்ல?"

மேடமாம். நான் பெற்றது எனக்கு வைத்த பேர்.

"யாருங்க அவங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இவள் காதில் விழாதவள் போல டால்பினைக் கைகாட்டினாள்.

கரைக்கு வந்ததும் பக்கத்தில் வந்தாள். "அங்க எல்லாருக்கும் ஒரே சட்டம்மா. அம்மான்னு சொன்னா, உங்கம்மா மட்டும் போடலாமான்னு கேப்பாங்க."

"செரீங்க மேடம். அது உங்கப்பனுக்குப் போட்ட பொரிங்க. அடுத்த மாசம் திதி. வாரீங்களா, இல்லீங்களா?"

"அது ஆமை சீசன். ஆள் பத்தாதும்மா."

"ஆமைக்கு நீ இருக்கற. உங்கப்பனுக்கு ஆரு இருக்கறா?"

நனைந்த மிதவைச் சட்டைகளை உதறி உதறிக் காயப்போட்டாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

திதி போன வாரம் முடிந்தது. பையன்கள் செய்தார்கள். மறுநாள் போனில் கூப்பிட்டாள். திதி எப்படி நடந்தது என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எழுதிட்டியாம்மா?" என்றாள்.

எழுதிவிட்டேன். பெரியவன் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

"ஏங்கண்ணு, இதைய மொதல்ல இருந்து படி சாமி. எங்கியாவது உங்கத்தைய வரச்சொல்லிக் கெஞ்சற மாதிரி இருந்தா அங்கியே நிறுத்து. அந்த வரிய அடிச்சுப்போடறேன்."